பன்னிரண்டு விநாடிச் சிவப்பு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் அக்கா போட்ட உத்தரவு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், ஒரு செருப்பைக் கழற்றி மறு செருப்போடு வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "ஏன்டா, ஊர்ல இருக்குறவன் அழுகையெல்லாம் எழுதுற. என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கியா?"

"உன்னைப் பத்தி எழுத என்னக்கா இருக்கு? நீ நல்லாத்தானே இருக்க?"

"அப்போ நல்லா இருக்கேன்னு எழுது."

எழுத வந்தால் எழுத மாட்டேனா? பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. துக்கம் என்றால் கை தானாக ஓடும். ஒரு சாவு, ஒரு பிரிவு, ஜன்னல் கம்பியில் நாலு விரல், முடிந்தது கதை. பெருமை மட்டும் எனக்குக் கைவருவதில்லை. கொஞ்சம் கூடினால் பாராட்டு விழாப் பேச்சு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் பொறாமைக்காரன் எழுதியது மாதிரி இருக்கிறது.

ஆனாலும் உட்கார்ந்தேன். விஷயம் சின்னதல்ல. அக்கா திரைப் பொறியாளர். மின்னூல் படிக்கிற கருவிக்கான வண்ணத் திரையில் ஏழு வருடமாகக் கிடக்கிறாள். அந்தத் திரையைப் பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு தேர்வுக்குழு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மெயில் அனுப்பும். எடுத்துக்கொண்டால் அது பிள்ளைகள் கைக்குப் போகும். இல்லையென்றால் அவள் பிரிவையே மூடிவிட்டு அவளைக் கைப்பேசித் திரைப் பக்கம் மாற்றிவிடுவார்கள். ஏழு வருடமும் ஏதோ ஒரு அலமாரிக்குள் போய்விடும்.

முடிவு தெரிந்த பிறகு சாவகாசமாக எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். அவள் விடவில்லை. இன்று வெள்ளி. மணி இரண்டே கால்.

2

தொடக்கம் ஒன்று: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மதியத்தில், அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி

(நிறுத்திவிட்டேன். அன்று மழையே இல்லை. மழை எனக்குக் கைப்பழக்கம், வேறொன்றுமில்லை.)

தொடக்கம் இரண்டு: ஒளிராத ஒரு திரையைச் செய்வதற்கு ஏழு வருடம் கொடுத்தவள் அவள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. மாடியிலிருந்து இறங்கிவந்த அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஒளிராத திரையா? ரிப்பேர்னு நினைச்சுக்கப் போறாங்கடா."

ஆகையால் விளக்கிவிடுகிறேன். கைப்பேசித் திரை விளக்கு மாதிரி, தானே எரியும். அக்காவின் திரை தாள் மாதிரி, தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் எண்ணெய் போன்ற ஒரு திரவம், அதில் நாலு நிறத் துகள்கள். மின்சாரத்தால் தட்டித் தட்டி, எந்த நிறம் வேண்டுமோ அதை மேலே வரவழைக்க வேண்டும். மேலே வந்த துகள் அங்கேயே உட்கார்ந்துவிடும். பக்கம் மாற்றும்போது மட்டும்தான் மின்சாரச் செலவு.*

* "சும்மா ஓங்கித் தட்டினா வராதுடா, பக்குவமா தட்டணும்" என்கிறாள். கறுப்பு வெள்ளையில் இந்த வித்தை எப்போதோ கைகூடிவிட்டதாம். சிவப்புதான் உயிரை வாங்கியதாம். முதல் இரண்டு வருடம் செங்கல் நிறம். அப்புறம் ஒரு வருடம் காய்ந்த புண் நிறம். ஐந்தாம் வருடம் ஒரு மத்தியானம் சரியான சிவப்பு வந்ததும் ஆய்வகத்தில் யாரும் கத்தவில்லையாம். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

3

இனி அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். 'அக்கா' என்று எழுதினால் வாக்கியம் குழைகிறது. செவ்வாய்க்கிழமை தேர்வுக்குழுவுக்கு அவள் திரையைக் காட்டிய அந்த அறையில் நான் இல்லை. அவள் சொன்னதை வைத்துக்கொண்டு அவள் மண்டைக்குள் உட்காருகிறேன். அனுமதி வாங்கியாயிற்று.

நீள மேசை. ஏசி வேண்டிய மட்டும் குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குழுத் தலைவி, முன்னாள் அறிவியல் ஆசிரியை, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய மேலாளர் (எதற்கெடுத்தாலும் ஸ்லைடு போடுவதால் ஆய்வகத்தில் அவர் பெயர் ஸ்லைடு சார்) நாற்பது நிமிடம் ஸ்லைடு ஓட்டினார். பிறகு அவள் எழுந்து, புத்தக அளவிலான தன் திரையை மேசையில் வைத்துப் பட்டனை அழுத்தினாள்.

வர வேண்டியது மனித இதயத்தின் படம். நல்ல ரத்தக் குழாய் சிவப்பு, கெட்ட ரத்தக் குழாய் நீலம். கறுப்பு வெள்ளைக் கருவியில் இரண்டும் ஒரே சாம்பல். அதனால்தான் இந்தப் படத்தையே அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

பக்கம் மாறியது. சிவப்பு வரவில்லை, ஒரு மங்கிய பழுப்பு வந்திருந்தது. நீலம் இருக்க வேண்டிய இடத்திலும் கிட்டத்தட்ட அதே பழுப்பு.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ரெண்டு குழாயும் ஒரே மாதிரி தெரியுதேம்மா? பசங்க எதை வச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்க?"

காரணம் அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. குளிர். குளிரில் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்க மறுக்குமே, அதே கதைதான். குமிழுக்குள் திரவம் தடித்துவிடும், துகள் நகராது. அதற்காகவே ஒரு அட்டவணை உண்டு: இந்த வெப்பத்துக்கு இத்தனை தட்டு, இவ்வளவு நேரம். அவர்கள் ஆய்வகத்து ஏசி கெட்டு இரண்டு வருடம், சரிபண்ண ஆள் வரவில்லை, எல்லோரும் மின்விசிறியில் பழகிவிட்டார்கள். இருபத்துநாலு டிகிரியிலிருந்து முப்பத்தெட்டு வரை ஒவ்வொரு வரிசையும் அவள் உட்கார்ந்து செதுக்கியது. அதற்குக் கீழே? இருபத்துநாலின் எண்களையே நகலெடுத்துப் போட்டுவிட்டு 'பிறகு பார்க்கவும்' என்று குறித்து வைத்திருந்தாள். அந்த அறையில் அன்று பதினேழு.

(இந்த இடத்தை நான் முதலில் 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு' என்று பூசி மெழுகியிருந்தேன். படித்துவிட்டு முறைத்தாள். "யாரு எதிர்பார்க்கலை? என் தப்புடா அது. அப்படியே எழுது." எழுதிவிட்டேன்.)

ஸ்லைடு சார் அவள் காதோரம் குனிந்தார். "திரை ஓரத்துல இருக்கிற முன்விளக்கைக் கூட்டி வை. சமாளிச்சுடலாம்."

அவள் கூட்டவில்லை. நேராகத் தலைவியைப் பார்த்துச் சொன்னாள்: "மேடம், இது என் தப்பு. இந்தக் குளிருக்கு நான் இதைத் தயார் பண்ணலை. அஞ்சு நிமிஷம் வெளியில வர முடியுமா?"

ஸ்லைடு சார் முகத்தில் ஈயாடவில்லை.

4

இங்கே ஒரு சங்கடம். முதல் பிரதியில் குழுத் தலைவியை நான் ஒரு சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். உதட்டைச் சுழிப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு வில்லி இருந்தால் எனக்கு வேலை சுளுவு.

"அந்த அம்மா அப்படியெல்லாம் இல்லவே இல்லடா," என்றாள் அக்கா. "அவங்க கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த நாற்காலியில நான் இருந்திருந்தா நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்."

"அப்போ கதையில யாரு கெட்டவங்க?"

"எதுக்குக் கெட்டவங்க? பதினேழு டிகிரி பத்தாதா?"

வில்லன் இல்லாமல் நாயகி எப்படி ஜெயிப்பாள் என்பது என் கவலை. உலகத்தில் பெரும்பாலான வேலை வில்லன் இல்லாமல்தான் நடக்கிறது என்பது அவள் கட்சி. அவள் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, தலைவியின் உதட்டை நேராக்கிவிட்டேன்.

5

திரையை ஸ்வெட்டருக்குள் நுழைத்து, வயிற்றோடு வயிறாக அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பின்னால் தலைவி, குழுவில் இன்னும் நாலு பேர், கடைசியாக ஸ்லைடு சார். வண்டி நிறுத்துமிடத்தில் நடுப்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. குழுவில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, அதில் ஒன்றும் தெரியாமல், கையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஸ்வெட்டரிலிருந்து திரையை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நிழல் தேடவில்லை. நல்ல வெயிலில் ஒரு வண்டியின் முன்பக்க மூடிமேல் தன் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. திரை வெளுத்தது, கறுத்தது, மஞ்சளடித்தது. ஏழு. எட்டு. ஒரு பக்கம் மாறப் பிடிக்கும் பன்னிரண்டு விநாடி எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டுமானால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணினீர்களா? அவள் கண் இமைக்கவில்லை.

சிவப்பு வந்தது. பக்கத்தில் நீலம் வந்தது. அந்த வெயிலில் படம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

வண்டிக்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். "என்னம்மா, என் வண்டி மேல ஸ்டிக்கர் ஒட்டுறீங்க?"

அவள் திரையின் முதுகிலிருந்து பேட்டரியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் பேட்டரியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "கழட்டிட்டீங்க, அப்படியே இருக்கே!"

"அப்படியேதான் இருக்கும், அண்ணே. அடுத்த பக்கம் போற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் வேணாம்."

தலைவி நெடுநேரம் அந்தச் சிவப்புக் குழாயின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பன்னிரண்டு விநாடி ஆச்சேம்மா. வகுப்புல நாப்பது பசங்க பன்னிரண்டு விநாடி சும்மா இருப்பாங்களா?"

"ஆறு விநாடிக்குக் கொண்டுவந்துடுவோம் மேடம், ரெண்டே மாசம்" என்று சொல்லத் துடித்தார் ஸ்லைடு சார். 'ஆறு விநாடி' வரை வாயிலிருந்து வந்தும்விட்டது.

"இருக்க மாட்டாங்க, மேடம்," என்றாள் அவள். "போன வருஷம் நாப்பது விநாடி ஆச்சு. இன்னிக்குப் பன்னிரண்டு. ஆறு எப்போன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்றேன்."

6

இப்போது முடிவு. மணி மூன்றரை. கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. தேர்வாகிறது. ஒரு வகுப்பறை, நாற்பது திரை, நாற்பது சிவப்பு இதயம். ஸ்லைடு சார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (சினிமா. அடித்துவிட்டேன்.)

ஆ. நிராகரிக்கப்படுகிறது. அவள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்தை ஒருமுறை திரும்பிப் (வெட்கமாக இருக்கிறது. இது மட்டும் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள்.)

இ. 'குளிர் அட்டவணையோடு ஆறு மாதம் கழித்து வரவும்.' இதுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்ல மேலே போனேன். மாடியில் ஆள் இல்லை.

சமையலறையில் இருந்தாள். புதன்கிழமையிலிருந்து லீவு போட்டுவிட்டுப் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்த காய்கறி, பால் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. நடுத்தட்டில் ஒரு திரை, கதவிடுக்கு வழியே நாலு ஒயர். கதவைக் கொஞ்சம் திறப்பதும், வெப்பமானியைப் பார்ப்பதும், மூடுவதுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு டிகிரியிலிருந்து பத்தொன்பது வரை முடித்துவிட்டாளாம்.

"பிரிவையே மூடிட்டாங்கன்னா இந்த அட்டவணையை யாரு பார்ப்பா?" என்று கேட்டேன்.

"அட்டவணையில ஓட்டை இருக்கேடா," என்றாள். "அதை அப்படியே விட்டுட்டா போறது?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அ, ஆ, இ மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

7

நாலு மணி மூன்று நிமிடம். அக்கா கையில் கைப்பேசியோடு வந்து வாசற்படியில் நிற்கிறாள். (ஆமாம், மறுபடியும் அக்கா. குழைந்தால் குழையட்டும்.)

"வந்துடுச்சு."

"என்னக்கா போட்டிருக்கு?"

"திறக்கலை. நீ முடிச்சியா?"

"இன்னும் கடைசிப் பத்தி."

"அப்போ முதல்ல முடி. நான் ஜெயிச்சது தெரிஞ்சு எழுதினா, ஜெயிச்சதுக்காக எழுதினதா ஆயிடும். தோத்தது தெரிஞ்சு எழுதினா, ஆறுதலுக்கு எழுதினதா ஆயிடும். எனக்கு ரெண்டும் வேணாம்டா."

வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கட்டைவிரல் கைப்பேசி விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. நான் பார்த்தது தெரிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அந்த மெயிலில் என்ன இருந்தது என்பதை நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள். எனக்கும் தெரியாது. தெரியாமலே எழுத வேண்டும் என்பதுதான் உத்தரவு.

சொல்லிவிடுகிறேன். என் அக்கா ஒரு சிவப்பைச் செய்தாள். அது வெயிலில் நிற்கும். அது தவறிப்போன இடத்தில் 'தப்பு என்னுடையது' என்று பத்துப் பேர் முன்னால் சொன்னாள், மறுநாளே அதைத் திருத்த உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. பதினெட்டு வருடத்தில் இந்த வாக்கியத்தை முதல்முறையாக எழுதுகிறேன், பாராட்டு விழா மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முடிச்சுட்டேன்க்கா. இப்போ திற.