ஆட்டுப் பித்தம் என்று எழுதிய புட்டி

நேற்றுக் காலை கல்லூரி ஆய்வகத்து ஃப்ரீசரைத் திறந்த ஜோதிக்கு எது தன்னுடையது என்று தெரியவில்லை. பச்சைமஞ்சள் நீர் உறைந்த இரண்டு புட்டிகள்; இரண்டின் மேலும் 'ஆட்டுப் பித்தம்'. ஒன்று தோழி அல்ஷிஃபாவின் ஆய்வுக்குரிய மெய்யான ஆட்டுப் பித்தம்; அதற்கும் பெயர் எழுதித் தந்தவள் ஜோதிதான். மற்றொன்று ஜோதி கொண்டுவந்த மாட்டுப் பித்தம்.

பொய்யை எழுதியவள் அவளேதான். விடியலில் இறைச்சிக்கூடத்தில் வாங்கி, ஸ்ரீரங்கத்து அறையில் குளித்துவிட்டு, பஸ் ஏறித் திருச்சிக் கல்லூரிக்கு வரவேண்டும். வழியில் எவர் கண்ணிலாவது 'மாடு' பட்டுவிட்டால்? ஆட்டைத் தொட்டால் சமையல், மாட்டைத் தொட்டால் குற்றம் என்று நீதி வகுத்த நாடல்லவா! அந்த அச்சத்துக்கு அவள் கட்டிய கப்பம் அந்த ஒரு சொல். கல்லூரியில் மாற்றி எழுத நினைத்தாள், மறந்தாள்.

ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டிலும் சிறிது எடுத்தாள். காரக் கரைசலில் கொதிக்கவைத்துப் பித்த அமிலங்களைப் பிரித்தாள். ஒவ்வோர் அமிலமும் தனித்தனிப் புள்ளியாக விலக, கண்ணாடித் தகட்டில் ஓடவிட்டாள். இன்று நண்பகல் தகட்டைச் சூடேற்றியபோது நீலப் புள்ளிகள் எழுந்தன. இரண்டிலும் ஒரே உயரத்தில் அதே இரண்டு; ஒன்றில் மட்டும் மங்கலாக மூன்றாவது. மாட்டில் உண்டென்று நிறுவ மூன்றாண்டுகளாக அவள் தேடிய அமிலம்! தேடிய பொருள் கிடைத்தது. எந்த விலங்கினது என்பதுதான் தெரியவில்லை. நான்கு மணிக்கு மாதிரிகள் பெரிய கருவியில் சோதிக்கச் சென்னைக்குப் போகின்றன.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றபடி வந்தாள் அல்ஷிஃபா.

ஜோதி சொன்னாள்.

"ஆடுன்னா எழுதின? கோழின்னு எழுதித் தொலைக்கிறதுதானே!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்ப என்னுது எது?"

"மூணு புள்ளி இருக்கறது மாடுன்னு வச்சுக்கவா?"

"வச்சுக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?"

எவருக்கும் தெரியாது. அதுதான் அவளைக் கொன்றது. முன்பு ஊருக்கு அஞ்சிப் பொய் எழுதினாள்; இனி அறிவியலின் பெயராலேயே எழுதுவதா? ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் அற்புதசாமியின் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏம்மா அப்படி எழுதினீங்க?"

"பயம் சார். பஸ்ல யாராவது படிச்சிடுவாங்கன்னு."

சென்னைக்கு அனுப்பும் பட்டியலில் அவர் அவள் பெயரை அடித்தார். "அடுத்த முறை கிடைக்க ஆறு மாசம் ஆகும். உதவித்தொகை அதுக்குள்ள முடிஞ்சிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"என் பேரையும் அடிச்சிடுங்க சார்," என்றது வாசலில் ஒரு குரல். அல்ஷிஃபா ஜோதியைப் பார்க்கவில்லை. "எது என்னுதுன்னு எனக்கும் தெரியலைங்க."