அடியில் பெரிய பல்லவி

காரின் தரைக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகத்தான் லைல் ஹென்ரிக்சன் குதிகாலால் ஓங்கி மிதித்தார். கால் உள்ளே போனது. கம்பளம் மட்டும் மரியாதைக்குக் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டது. அடுத்த நொடி அவருடைய வலது பூட்ஸ் அமெரிக்காவின் டகோமா நகரத்து டோனட் கடை வாசலில், ஈரத் தார்மேல் நின்றது. மீதி லைல் காருக்குள் இருந்தார்.

சனிக்கிழமை காலை. சின்ன ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பெருமையடித்துக்கொள்ளும் நேரம். பதினைந்து பேர் காப்பிக் கோப்பையோடு சுற்றி நின்றார்கள்.

"இனிமே பிரேக் பிடிக்கலன்னா கவலையே இல்ல லைல், காலை ஊனிக்கலாம்," என்றாள் மார்லீன். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் அமெரிக்கத் தபால் வண்டியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவள். வலப்பக்கம் ஸ்டியரிங் இல்லாத கார் அவளுக்குக் காராகவே தெரியாது.

"அதான் விஷயமே," என்றார் லைல். "இந்த மாடல்ல எக்ஸ்ட்ரா கியர்."

இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். பூட்ஸ் அரைமனதாக வெளியே வந்தது. கூடவே பழுப்பு நிறத்தில் பிஸ்கட் தூள் மாதிரி ஏதோ கொட்டியது. அடிப்புறம் முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. அந்தப் பூச்சுதான் இத்தனை நாள் காருக்குத் தரையாக இருந்திருக்கிறது.

எல்லாரும் சிரித்தார்கள். ட்வைட் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் மஞ்சள் காரின் மூக்கைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

லைல் வாரம் ஐந்து நாளும் நாற்பதடி நீளப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஆறடி இரண்டங்குல ஆள். அப்படிப்பட்டவருக்குத் தன் முட்டி காதைத் தொடும் அளவு குட்டியான ஒரு கார்மேல் ஆசை வந்தது. "உங்களுக்கு அது கார் இல்ல, சட்டை," என்பாள் மனைவி கோரா. ஆசையைக் கிளப்பிவிட்டவர் ட்வைட். பக்கத்துத் தெரு, இருபது வருடச் சிநேகம். கடற்படையில் இருந்தபோது ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்தில் நான்கு வருடம் கிடந்ததால் ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்.

போன குளிர்காலம் முழுக்க ஞாயிறு மதியங்களில் ட்வைட்டின் கராஜில்தான் இருவரும் குடியிருந்தார்கள். இருபத்தைந்து வயது நிறைந்த கார்களை மட்டுமே அமெரிக்காவுக்குள் விடுவார்கள் என்பதால், யாருக்கு எந்த மாதம் வயது வருகிறது என்று பெண் பார்க்கும் தரகர்களைப்போலக் கணக்குப் போட்டார்கள். ஜப்பானில் ஏலம்விடும் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. நடுவில் காரின் படம், ஓரத்தில் சோதனை செய்தவரின் கையெழுத்துக் குறிப்பு. ட்வைட்டுக்கு மஞ்சள் கார் தகைந்துவிட்டது. ஆனால் மூன்று கார் சேர்ந்தால்தான் கப்பலுக்குக் கன்டெய்னர் கிளம்பும் என்றுவிட்டார் இறக்குமதி ஏஜென்ட். ட்வைட்டுடையது ஒன்று, ஓரிகனில் யாரோ ஒருவருடையது ஒன்று. மூன்றாவது இடம் மாதக்கணக்கில் காலி.

அப்போதுதான் ஒரு வெள்ளிநிறக் கார் ஏலத்துக்கு வந்தது. லைல் அதன் தாளைத் தன் போனுக்குக் காட்டினார். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு மொழிபெயர்த்தது: 'அடியில் பெரிய பல்லவி.'

"இது என்னப்பா, பல்லவின்னு போட்டிருக்கு?"

ட்வைட் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். "ஓ, அதுவா. பழைய ஓனர் பாட்டுப் பைத்தியம் போல. சீட்டுக்கு அடியில ஸ்பீக்கர் போட்டு வெச்சிருக்கான். யோகம்டா உனக்கு!"

லைலுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கோ ஒரு ஜப்பானியன், தன்னைப்போலவே ஒரு கிறுக்கன், இந்தக் குட்டிப் பெட்டிக்குள் உட்கார்ந்து சத்தமாகப் பாட்டுக் கேட்டிருக்கிறான்! கார் வந்து இறங்கி இரண்டு மாதமாக அந்த ஸ்பீக்கரைத் தேடினார். ஒயர் இல்லை, பொத்தான் இல்லை. ஜப்பான்காரன் வேலை, அவ்வளவு நேர்த்தியாக ஒளித்திருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். மார்லீன் நம்பவில்லை. அதனால்தான் அந்த மிதி.

திங்கட்கிழமை, பள்ளியில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்கும் நட்சுமியிடம் தாளை நீட்டினார்.

"டீச்சர், இதுல ஸ்பீக்கர்னு எங்க எழுதியிருக்கு?"

"ஸ்பீக்கரா?" அவள் குனிந்து படித்தாள். போன் என்ன சொன்னது என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "சபின்னு எழுதியிருக்கு மிஸ்டர் லைல். பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற வரிக்கும் சபிதான், துருவுக்கும் சபிதான். பாவம் போன், கார்னு தெரியாம பாட்டுன்னு நெனச்சிருச்சு. 'அடியில் துரு அதிகம்.' இதோ பாருங்க, ரெண்டே எழுத்து."

லைல் பார்த்தார். முதல் எழுத்து வேலித் துண்டு மாதிரி. இரண்டாவது நாற்காலி மாதிரி, தலைமாட்டில் இரண்டு சொட்டு.

"மனுஷனுக்கும் அந்தக் குழப்பம் வருமா டீச்சர்? ஜப்பானீஸ் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தருக்கு?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "பாட்டுப் புஸ்தகத்துல இருந்தா வரலாம்... கார் படத்துக்குப் பக்கத்துல..." என்றவள், "உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு போல," என்று தாளை மடித்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க லைல் ட்வைட்டுக்காக வாதாடினார். ட்வைட் மொழி கற்றுக்கொண்டது வகுப்பிலா? துறைமுகத்துக் கரோக்கி பார்களில். அங்கே துருவைப் பற்றி யார் பேசுவார்கள்? பாட்டைப் பற்றித்தானே பேசுவார்கள்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழக்கு ஜெயித்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தோற்றது. வியாழக்கிழமை ஒரு நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டார். மூன்று குழந்தைகள் மழையில் பின்னாலேயே ஓடிவந்தன.

"அவர்கிட்டயே நேரா கேளுங்களேன்," என்றாள் கோரா.

"கேட்டா பதில் சொல்லிட்டான்னா?"

சனிக்கிழமை டோனட் கடைக்குப் போகாமல் ட்வைட்டின் கராஜுக்குப் போனார். மஞ்சள் கார் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி மின்னியது. ட்வைட் அவரைக் கண்டதும் படபடவென்று பேச ஆரம்பித்தார்.

"வா வா, உனக்காகவே ஒரு வெல்டிங் ஆளைப் பிடிச்சு வெச்சிருக்கேன். தகரம் வெச்சுத் தெச்சுட்டா தரை ராணுவ டாங்கி மாதிரி ஆயிடும். நீ நடனமே ஆடலாம்."

"தாளைப் பத்திக் கேக்க வந்தேன்."

"தாளா? அந்த ஏலக்காரனுங்க கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரில்ல இருக்கும்! காப்பி குடிக்கிறியா?"

காப்பி ஊற்ற ட்வைட் திரும்பினார். அப்போதுதான் லைல் சுவரைப் பார்த்தார். மஞ்சள் காரின் ஏலத்தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் ட்வைட். குளிர்காலம் முழுக்க லைல் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார். அப்போது அது அவருக்கு வெறும் கிறுக்கல். இப்போது அதில் ஒரு வேலித் துண்டு தெரிந்தது. பக்கத்தில் நாற்காலி, இரண்டு சொட்டு. அதையும் அடுத்திருந்த இன்னும் சில எழுத்துகளையும் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே ட்வைட்டின் குண்டு எழுத்து, சந்தோஷத்தில் இரண்டு ஆச்சரியக்குறியோடு: 'துரு இல்லை!!'

லைல் அங்கிருந்த கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். காப்பியை வாங்கிக்கொண்டார். அவருக்குள் ட்வைட்டுக்காக வாதாடிய வக்கீல் இன்னும் எழுந்து போகவில்லை. கடைசியாக ஒருமுறை வாயைத் திறந்தார்.

"கரோக்கி பார்ல கத்துக்கிட்ட ஜப்பானீஸ் உன்னோடது. அந்த வார்த்தை உனக்குப் பாட்டுன்னுதான் தெரியும். அப்படித்தானே ட்வைட்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிக்கிறேன். வெல்டிங் ஆளோட நம்பரை வாங்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

ட்வைட் அவரைப் பார்த்தார், லைலின் கண் போன திசையில் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த துணியை நான்காக மடித்துக் காரின் கூரைமேல் வைத்தார்.

"இல்ல," என்றார். "பாத்த உடனே தெரியும், துருன்னு. சொல்லியிருந்தா நீ வேணாம்னிருப்ப. மூணாவது வண்டி இல்லாம கன்டெய்னர் கிளம்பியிருக்காது. எனக்கு என் கார் வேணும்னு இருந்துச்சு, லைல். அவ்வளவுதான்."