கதவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்

கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கேக்கின் தெற்குக் கோடியில் எழும்பிய பத்து மாடிக் கட்டடத்தில், ஒன்பதாவது மாடியில், சல்கின் என்ற பெண் தன் புதுச் சமையலறைக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு குளிர்காலம் வெளியே வரமுடியாமல் இருந்தாள். அவள் மாட்டிக்கொண்ட அன்று அங்கே சமையலறை என்று எதுவும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரையும் அதன்மேல் சுண்ணக்கட்டியால் போட்ட ஒரு கோடும்தான் இருந்தன. அந்த ஊரில் புது வீடுகளை அப்படித்தான் விற்பார்கள்: வெளிச்சுவர், கூரை, ஜன்னல், தண்ணீர்க் குழாயின் மொட்டை நுனி. மற்றதெல்லாம் வாங்கியவர் பாடு.

சல்கினுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. தையல் பட்டறையில் துணி வெட்டும் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊர்க்கோடியில் இருந்த மாமியார் வீட்டில், கதவோரம் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றி வந்தாள். மருமகளுக்கு அதுதான் இடம். கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். நிரப்பிக் கொடுத்தால் விருந்தாளியைக் கிளம்பச் சொன்ன மாதிரி. அதனால் விருந்தாளிகள் இருக்கும் வரை அவளால் எழுந்திருக்க முடியாது. உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும், கொழுப்பை எந்தச் சட்டியில் உருக்க வேண்டும் என்பதெல்லாம் மாமியார் செய்யில்கான் முடிவு செய்தவை. மலைக்கு அந்தப் பக்கம் நாரினிலிருந்து தன் அப்பா வந்தால், அவருக்குப் பிடித்தபடி பாலும் உப்பும் போட்டுத் தேநீர் வைக்கக்கூட அவள் ஒரு வார்த்தை கேட்டுத்தான் வைத்தாள். கணவன் குபன் டாக்ஸி ஓட்டினான். நல்ல மனிதன். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டான். முடியும் என்று சொன்னதைச் செய்யவும் மாட்டான்.

வீட்டுக்கான தவணை முடிந்தபோது கையில் மிஞ்சியது ஒரு சுமாரான சமையலறைக்குப் போதும், நல்ல சமையலறைக்குப் போதாது என்கிற அளவு. கட்டடத்துக்கு எதிரே டாக்ஸியை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டார்கள். அடுப்பு, தொட்டி, அலமாரி, சிம்னி, மேடைக்குக் கல். அந்த வீடுகளில் சமையலறையும் கூடமும் ஒரே இடம். நடுவில் மறைப்பு கிடையாது. இப்போது அதுதான் நாகரிகம் என்று விற்றவர்கள் சொன்னார்கள்.

"எனக்குச் சுவர் வேணும்," என்றாள் சல்கின். "உள்ள நான் வெங்காயத்தை நறுக்கறேனா, உக்காந்து அழறேனான்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"சுவர்னா அப்புறம் கதவு வேணும்ல? நல்ல மரக்கதவு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உனக்கு? அடுப்பு விலை!"

"அதுக்காக?"

"சுவரைப் போட்டுடுவோம். கதவை அப்புறம் வச்சுக்கலாம். இப்ப அதைக் கணக்குல சேக்காத."

அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. கதவை எடுத்துவிட்டதும் கணக்கு அழகாகப் பொருந்திற்று.

வசந்தகாலத்து நோருஸ் பண்டிகைக்கு மறுநாள், கொத்தனார் வருவதற்கு முன் அளவைத் தரையில் காட்டிவிடலாம் என்று இருவரும் போனார்கள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த சுண்ணக்கட்டியால் சல்கின் முட்டிபோட்டு வரைந்தாள். ஜன்னலடியில் தொட்டி, மூலையில் அடுப்பு, பால்கனி வாசல் இந்தப் பக்கம். பிறகு சுவர். துணி வெட்டுகிறவள் கோட்டை அரைகுறையாக விடமாட்டாள். ஒரு தூணில் தொடங்கி மறு தூணில் கொண்டுபோய் முட்டினாள். கதவுக்குப் பணம் ஒதுக்காததால் கதவுக்கு இடைவெளியும் விடவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, கூடத்தில் வைத்த பையை எடுக்கப் போனாள். நெற்றி எதிலோ மோதி நங்கென்று சத்தம் கேட்டது.

குபன் சிரித்தான். பிறகு அவள் கையால் தடவித் தடவிக் கோட்டோரமாகவே நடப்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அவன் சாதாரணமாக உள்ளே போனான், வெளியே வந்தான். அவனுக்கு அது வெறும் கோடு. அவள் கையைப் பிடித்து இழுத்தால் அவன் கை வந்துவிடும், அவள் விரல்கள் காற்றில் மடங்கும். ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தார்கள். கோடு போயிற்று, சுவர் போகவில்லை. அதே சுண்ணக்கட்டியால் குபன் ஒரு கதவு வரைந்தான், கைப்பிடிகூட வைத்தான். அவள் தோளால் முட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த குழாய்க்காரர் சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"வரைஞ்சா கதவாயிடுமா தம்பி? காசு குடுத்து வாங்குங்க," என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

பால்கனி கோட்டுக்கு உட்புறம் அகப்பட்டது நல்லதாகப் போயிற்று. அதே குழாய்க்காரர் அங்கே ஒரு கழிப்பறையும் குளிக்கச் சின்னத் தடுப்பும் போட்டுக்கொடுத்தார். அந்தச் செலவு அலமாரிக் கணக்கிலிருந்து போயிற்று. மெத்தையும் போர்வையும் வந்தன. மசூதியிலிருந்து மதகுருவான மொல்தோ வந்து ஓதி, சுவர் இருக்கும் திசையில் ஊதி, இரண்டு கிண்ணம் தேநீர் குடித்து, தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். லிஃப்டுக்கு மாதப் பணம் வசூலிக்கும் பெண்மணி, வெளியே வராதவள் லிஃப்டில் ஏறுவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும் பணத்தைக் குறைக்கவில்லை. அவ்வளவுதான். கட்டடத்தில் வேறு வீடுகளில் தண்ணீர் ஏறவில்லை, ஒரு வீட்டில் தரை சாய்ந்திருந்தது. ஆளாளுக்கு ஒரு குறை.

கொத்தனார் வந்து, அவளைத் தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இருக்கிற சுவரை எதற்கு மறுபடியும் கட்ட வேண்டும் என்றார். அதில் மிச்சமான பணத்துக்குக் கதவு வாங்கிவிடலாம் என்று சல்கின் சொன்னாள். வாங்கிவிடலாம் என்று குபனும் சொன்னான். ஆனால் முதலில் சாப்பிட வேண்டுமே என்று அடுப்பு வந்தது. அடுப்பு வந்தால் புகை வரும் என்று சிம்னி வந்தது. இலையுதிர் காலத்தில் பால்நிற அலமாரிகள் வந்தன, மெதுவாகத் தானே மூடிக்கொள்கிறவை. ஒவ்வொரு முறையும் குபன் உண்மையான அன்போடு, "உனக்காகத்தான்," என்றான். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அவன் ஏமாற்றவில்லை. காலையில் எழுந்தால் அவனுக்குச் சூடான தேநீர் இருந்தது, இரவு வந்தால் சூடான சோறு இருந்தது. கதவு என்பது அவன் நினைவில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போயிற்று.

முதல் பனி விழுந்ததும் செய்யில்கான் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்தில் மெத்தைகளை அடுக்கி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். தோன்றும்போதெல்லாம் எழுந்து, இல்லாத சுவருக்குள் நுழைந்து வந்து, உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனாள். சல்கினுக்கு ஒதுங்கிப்போக வேறு இடம் இல்லை. யாரும் பார்க்கக்கூடாது என்று போட்ட சுவர் எல்லோருக்கும் கண்ணாடியாக இருந்தது. அவளுக்கு மட்டும் கல்.

"மருமகளே, தேநீர் ஆறிப்போச்சு."

"தரேன் அபா," என்றாள் சல்கின். அபா என்றால் அம்மா.

"இத்தனை வருசம் என் வீட்டுல இருந்தப்போ, கூப்பிட்டா பட்டறைக்குப் போகணும்பா. இப்ப பாரு, கூப்பிட்ட குரலுக்கு இருக்கா," என்று விருந்துக்கு வந்த அக்கம்பக்கத்துக் கிழவிகளிடம் சொன்னாள். கிழவிகள் பால்நிற அலமாரிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"குடுத்துவச்சவ நீ, செய்யில்கான். எங்க மருமகளுங்க ஒரு நிமிசம் வீட்டுல தங்கறாளுங்களா?"

சல்கின் பாதிப் பாதியாக ஊற்றி, எல்லைவரை நீட்டினாள். கிண்ணம் சுவரைத் தாண்டிப் போகும், கை போகாது.

இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில், மேடைக்குக் கல் வந்து இறங்கிய அதே நாளில், நாரினில் அவள் அப்பா இறந்துபோனார். தம்பி போனில் சொன்னபோது ஆட்கள் கல்லை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். குபனும் செய்யில்கானும் முறைப்படி அன்றே கிளம்பினார்கள். மகளாகப் பிறந்தவள், இறந்தவருக்காகப் போட்ட கூடாரத்துக்குள் ஆட்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் கையூன்றி ஒப்பாரி வைக்க வேண்டும். சல்கின் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நெற்றி அதில் பட்டது, குளிர்ந்திருந்தது. அப்பாவின் குதிரையை, அவருடைய இருமலை, அவர் குடித்த உப்புத் தேநீரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கீழ் மாடிகளில் டிவியை அணைத்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் ஏறி வந்து, கூடத்தில் அவளுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபடிதான் அவள் அழுதாள். ஆனாலும் ஒருவர் தோளிலும் சாயமுடியவில்லை.

அடக்கம் முடிந்து குபன் திரும்பி வந்தான். அவன் பூட்ஸில் நாரின் மண் ஒட்டியிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டான், அவனும் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையைத் தடவினான்.

"கல்லு நல்லா அமைஞ்சிருச்சு, இல்ல?"

சல்கின் அன்றுமுதல் செலவைப் பற்றி அவனோடு பேசுவதை நிறுத்தினாள். அந்த வாரமே பட்டறைக்காரிக்குப் போன் செய்து, துணிக்கட்டுகளை மேலே அனுப்பச் சொன்னாள். கல்மேடை நீளமாக, வழவழப்பாக இருந்தது; துணி வெட்ட அதைவிட நல்ல மேசை அந்த நகரத்தில் இல்லை. காலையில் சீட்டித்துணி ஏறும், மாலையில் கவுன்களுக்கான கைகளாகவும் கழுத்துகளாகவும் இறங்கும். கல்லில் கீறல் விழுமே என்று குபன் பதறினான். விழுந்தது. அடுப்பு சில நாள் பற்றவைக்கப்படாமல் கிடந்தது. செய்யில்கான் கூடத்தில் காய்ந்த ரொட்டியை நனைத்துத் தின்றபடி, மருமகள் கெட்டுப்போனாள் என்று தன் தங்கைக்குப் போனில் விரிவாகச் சொன்னாள்.

பனி உருகியபோது சல்கின், தெற்கே ஓஷ் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து நகரத்தில் கடை போட்டிருந்த ஷெர்மத் என்ற தச்சரை வரவழைத்தாள். அவர் அளவுநாடாவோடு கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"சுவர் எங்க அக்கா?"

"இதோ." அவள் உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டினாள். டொக் டொக் என்றது.

ஷெர்மத் காதை வைத்துக் கேட்டார். "கெட்டியான சுவர்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?"

"வெளிப்பக்கம். நல்ல பூட்டாப் போடுங்க."

"என்ன மரம்? பைன் மலிவா வரும்."

"மலிவு வேண்டாம். வால்நட்ல போடுங்க. பணம் என்னோடது."

கூடத்திலிருந்த குபன் எழுந்து வந்தான். "சல்கின், வால்நட்டா? அந்தப் பணத்துக்குப் பாத்திரம் கழுவற மிஷினே வாங்கலாம்டி. பைன்ல போடு, இல்லைன்னா இந்த வருசம்..."

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "அவர் அளக்கணும்."

கதவு பொருத்திய அன்று ஷெர்மத் துளைபோடும் மிஷினைக் காற்றில் வைத்து அழுத்தினார். வெள்ளைத் தூள் கொட்டிற்று, செங்கல் வாசனை அடித்தது, திருகாணி இறுகிற்று. வால்நட் சட்டம் கூடத்தின் நடுவில் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாமல் நேராக நின்றது. அவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியை நீட்டினார். சல்கின் கைப்பிடியைத் திருப்பினாள். கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, கூடத்துச் சிமெண்டில் சற்று நேரம் சும்மா நின்றாள். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, லிஃப்டைக்கூடக் கூப்பிடாமல் ஒன்பது மாடியும் இறங்கிப் போனாள். நாரின் போகும் வண்டி மதியத்துக்குமேல் கிளம்பிற்று.

அவள் போனதும் செய்யில்கான், தேநீராவது வைக்கலாம் என்று வழக்கம்போலக் கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். நெற்றி நங்கென்று மோதிற்று. குபனும் முயன்றான். தூணிலிருந்து தூண்வரை இரண்டு கையாலும் தடவினான். அடுப்பும் சிம்னியும் பால்நிற அலமாரிகளும் ஒரு கை தூரத்தில் பளபளத்தன; தண்ணீர்க் குழாய் சொட்டுவதுகூடத் தெரிந்தது. கதவு வைத்த சுவர் எல்லோருக்கும் சுவர்தான் என்று கீழ்மாடிக்காரர்கள் சொன்னார்கள். வால்நட் கதவைத் தள்ளிப் பார்த்தவர்கள் வேலைப்பாட்டைப் பாராட்டினார்கள். அம்மாவும் மகனும் கடையில் வாங்கிய சம்சாவைத் தின்று காலம் தள்ளினார்கள்.

சல்கின் அப்பாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தம்பி வீட்டில் தூங்கினாள், ஆற்றோரம் கால் ஓயும்வரை நடந்தாள். திரும்பி வருவாளா என்பது அவளுக்கே சில நாள் தெரியவில்லை. புல் முளைக்கும்போது வந்தாள், வெட்டவேண்டிய துணி காத்திருந்தது. அதன்பின் செய்யில்கான் சமையலறைக்குள் வரவேண்டுமென்றால் கதவைத் தட்டினாள். முதல் சில மாதம் முணுமுணுத்துக்கொண்டு தட்டினாள், பிறகு சும்மா தட்டினாள். சில சமயம், "யாரு?" என்று குரல் வரும். "நான்தான்," என்பாள். சல்கின் கையிலிருக்கும் வெட்டை முடித்துவிட்டுத் திறப்பாள். சில சமயம் திறக்கமாட்டாள்.

ஒரே ஒரு தொந்தரவுதான் இருந்தது. சுவர் கண்ணுக்குத் தெரியாததால், வருகிறவர்கள் முட்டிக்கொண்டே இருந்தார்கள். மொல்தோவின் மூக்குக்கூட வீங்கிற்று. வண்ணம் அடித்துவிடுவது என்று முடிவாயிற்று. குபன் இளம்பச்சை நல்லது என்றான், செய்யில்கான் வெள்ளையே போதும் என்றாள். சல்கின் கடைக்குப் போய் ஆப்ரிகாட் பழத்தின் மஞ்சளில் ஒரு வாளி வாங்கி வந்து தானே அடித்தாள். புதுச் சுவர் ஆகையால் வண்ணத்தை நிறைய உறிஞ்சியது. இரண்டாவது வாளியும் வாங்கவேண்டி வந்தது.