தோட்டத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

மார்ச் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பதினான்கு பெண்களை ஏற்றி வரவேண்டிய ஜீப் மருதாத்தாளின் மாந்தோப்புக்குக் காலியாக வந்து நின்றது. டிரைவர் பெரியமுத்து மட்டும் இறங்கினார்.

"ஆளுக எங்கீங்கண்ணா?"

"ஒருத்தரும் ஏறுலீங்கம்மிணி. எல்லாரும் சிவப்பிரகாஷ் தோட்டத்து வண்டியில போயிட்டாங்க. நம்ம தோட்டம் போன்ல செவப்பாத் தெரியுதுன்னு நேத்துத்தான் ஆரோ காட்டுனாங்களாமா."

"செவப்பாவா? காயே இன்னும் பச்சையாத்தானுங்க இருக்குது!"

பெரியமுத்து சிரிக்கவில்லை. அப்போதுதான் மருதாத்தாளுக்கு அது காயைப் பற்றிய பேச்சு இல்லை என்று உறைத்தது.

விஷயம் மூன்று வாரத்துக்கு முந்தையது. அவள் தோட்டத்தில் காய் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் செல்வப்பிரியா, சாயங்காலம் வேலை முடிந்து மோட்டார் ரூமை ஒட்டிய வாய்க்கால் மேட்டில் நடந்து போனபோது, பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அழுதபடி திரும்பி ஓடி வந்தவளிடம் வண்டியின் நிறம், ஒரு பக்கக் கண்ணாடி இல்லாதது எல்லாவற்றையும் கேட்டு, போலீஸ்காரர்கள் ஊரில் எல்லோர் போனிலும் போட்டுக் கொடுத்திருந்த புகார் ஆப்பில் மருதாத்தாள் அப்படியே பதிந்தாள். நாற்பது நிமிஷத்தில் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் அந்த வண்டியை மறித்துப் பிடித்துவிட்டார்கள். கேரள எல்லையோர முதலமடை முழுக்க அவள் கெட்டிக்காரத்தனம்தான் பேச்சு.

புகாரில் காட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், அதை ஊரே பார்க்கலாம் என்பதை மட்டும் அவள் கவனித்திருக்கவில்லை. இப்போது போனை எடுத்துப் பார்த்தாள். வாய்க்கால் ஏழு தோட்டங்களைத் தொட்டுப் போகிறது. ஆறு சுத்தமாக இருந்தன. அவள் மோட்டார் ரூமின் உச்சியில் மட்டும் குங்குமம் வைத்த மாதிரி ஒரு புள்ளி.

செந்தூரம் மாங்காய் முற்றி நின்றது. ஐந்து நாளைக்குள் இறக்காவிட்டால் மரத்திலேயே பழுத்துவிடும். பழுத்ததை லாரிக்காரன் தொடமாட்டான். அடுக்க ஆளில்லாமல் பறிக்கிறவர்களும் மரம் ஏறமாட்டார்கள்.

பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருந்தாள். ரோந்து வரும் பீட் போலீஸ்காரர் ஜோமோன் இடுக்கிக்காரர். தேயிலை எஸ்டேட்டில் தமிழ்த் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அந்தத் தமிழ் தெற்கத்தித் தமிழ்.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் இருக்கட்டுங்க சாரே. அந்தப் புள்ளிய எடுத்து உடுங்க."

"அது என் கையில இல்லக்கா. ஆறு மாசம் நிக்கும், பொறவு தானாப் போயிரும்."

"ஆறு மாசம் கழிச்சு என்ற மரத்துல எலைதான் இருக்கும். அமுத்தச் சொன்னீங்க, அமுத்தினேன். புள்ளி விழும்னு ஏன் சொல்லுல?"

"பால் சொசைட்டி கூட்டத்துல சொன்னேனே! நீங்க அன்னைக்குப் பக்கத்து ஆளோட பேசிக்கிட்டுல்ல இருந்தீங்க."

அது உண்மைதான் என்பதால் அவள் அதைத் தொடரவில்லை. ஜோமோன் மேஜை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"ஒரு வழி இருக்கு. பராதி, அதான் புகார், குடுத்தது நீங்க. தப்பாப் புரிஞ்சு குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்தா அழிச்சிருவாக."

மருதாத்தாள் தாளை வாங்கி, தேதி போட்டாள். பெயர், வீட்டுப் பெயர் எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"அப்ப செல்வப்பிரியா கொடி?"

"கோர்ட்ல இருக்கு." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பராதியே இல்லன்னா அது யார் கொடின்னு கேப்பாங்க. பிடிபட்டவனும் கேப்பான்."

மருதாத்தாள் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

"அவனுக வேற எங்கீமே கைய வெக்கிலியாக்கு?"

"இந்த வாய்க்காலிலேயே இன்னும் ரெண்டு பேருகிட்ட இழுத்ததா அவனுகளே சொன்னானுக. ஒத்தக் கம்மல் ஒண்ணு கேக்க ஆளில்லாமக் கிடக்கு. யாராச்சும் வந்து சொன்னாத்தானே? சொல்லாத எடத்துல புள்ளி எப்படி விழும்?"

திருட்டு நடந்தாலும் சீசன் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்பது அங்கே தோட்டக்காரர்களுக்குள் எழுதாத கட்டுப்பாடு. போன வருஷம்வரை அவளும் அதில் சேர்த்திதான்.

மறுநாள் காலை பெரியமுத்துவின் ஜீப்பில் அவளே காலனி முக்குக்குப் போனாள். சிவப்பிரகாஷின் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். செல்வப்பிரியாவும் இருந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

"ஏஞ்சாமி, நீயுமா?"

"என்ற ஊட்டுக்காரரு அங்க போவாதேன்னுட்டாருங்கக்கா. போன்ல காட்டிக் காட்டிப் பேசறாரு."

"சரி. நான் கூப்பிட வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போயர்றேன். ஸ்டேஷன்ல ஒத்தக் கம்மல் ஒண்ணு கெடக்குதாமா. ஆரோடதுன்னு தெரியுல."

கூட்டத்தில் நின்ற ஆனந்தியின் கை தன்னையறியாமல் இடது காதுக்குப் போனது. மடல் கிழிந்து ஆறிய தழும்பு அதில் இருந்தது.

"ஏண்டி, முள்ளு இழுத்துருச்சுன்னில்ல சொன்னே?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"ஆமா. அந்த முள்ளு பைக்ல வந்துச்சு."

எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆனந்தி அழுதாள்.

"சிவப்பிரகாஷ் தோட்டத்துக் கேட்டுக்கிட்டத்தானுங்க. சீசன் முடியட்டும், நான் பாத்துக்கறேன்னு அவருதான் சொன்னாருங்க. நானும் கம்முனு இருந்துட்டேன்."

"பாத்தீங்களா? அங்கயும் நடந்திருக்குது. சொல்லுல, அதனால அது சுத்தம். நான் சொன்னேன், அதனால நான் செவப்பு. இதுல எந்தத் தோட்டம் பயம்னு நீங்களே சொல்லுங்க."

செல்வப்பிரியா தூக்குவாளியைக் கை மாற்றினாள். "நான் அழுதுட்டு ஓடியாந்தப்ப கம்முனு இருன்னு அக்கா சொல்லுல," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஆனந்தி போனை எடுத்தாள். "எதைங்க அமுத்தோணும்?" சிவப்பிரகாஷின் வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அவள் நிமிரவில்லை, அந்தக் கேட்டு இருக்கும் இடத்தைக் காட்டிப் பதிந்து முடித்த பிறகுதான் ஜீப்பில் ஏறினாள். அவளோடு இன்னும் மூன்று பேர். மற்றவர்கள் அந்த வண்டியில்தான் போனார்கள்.

மத்தியானம் சிவப்பிரகாஷ் கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, இது நல்லாருக்குதுங்களா? என்ற கேட்டு மேல புள்ளி உழுந்துருக்குது!"

"ஒண்ணும் ஆவாதுங்க தம்பி. புள்ளி உழுந்தா பீட் வண்டி வரும். இங்க ரெண்டு நேரமும் வருதுங்களே."

அவர் போனை வைத்துவிட்டார். இனி கல்யாணம் காட்சியில்கூட அவர் முகம் கொடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து பேரை வைத்து எவ்வளவுதான் முடியும்? அன்று மேற்கு வரிசை மட்டும் இறங்கியது. லாரி பாதிகூட நிறையாமல் புறப்பட்டது. புதன்கிழமை ஏழு பேர் வந்தார்கள், வெள்ளிக்கிழமை பதினொன்று. அதற்குள் கிழக்கே இரண்டு வரிசைச் செந்தூரம் மரத்திலேயே பழுத்துவிட்டது. மருதாத்தாள் அதைப் பெண்களிடமே விட்டுவிட்டாள். வேண்டியமட்டும் பையில் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு அவர்கள் வாய்க்கால் மேட்டில் கூட்டமாக, சத்தமாகப் பேசியபடி நடந்து போனார்கள்.