பெம்பான் பஸ்

எங்கள் லைனில் பெம்பானிலிருந்து வருகிறவர் யாருமில்லை. ஆனாலும் நான் பக்கத்தில் போனால் புனிதா தலையைத் தூக்காமலே சொல்வாள்: "பெம்பான் பஸ் வந்துருச்சு." உடனே லைன் முழுக்க வாயை மூடிக்கொள்ளும்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கிற இந்தத் தொழிற்சாலையில் போன மாதம்வரை நானும் அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தவள்தான். லீடர் வந்தால் அப்போது 'மாமியார்' என்போம். அந்தச் சொல்லைக் கொண்டுவந்ததே நான். லீடரின் நீலத் தொப்பி என் தலையில் ஏறிய அன்று மாமியார் செத்துப்போனாள்; பெம்பான் பஸ் ஓட ஆரம்பித்தது.

"தினமும் மூன்று மணிக்கு ஓர் ஆள் குறைகிறது, நிர்மலா," என்றார் மேனேஜர், மலாயில். அவருக்குத் தமிழ் தெரியாது. "வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வேண்டும். இல்லையென்றால் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிடு."

அந்தத் தொப்பிக்காக ஆறு வருஷம் காத்திருந்தேன்.

வியாழன், மூன்று மணி. மெலிசாவின் நாற்காலி காலி. என் பழைய இடத்துக்குப் புதிதாக வந்தவள் அவள். புனிதா இரண்டு பேர் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

"மெலிசா எங்க?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கும், லீடரம்மா. அதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா லா?"

யாரோ சிரித்தார்கள். நான் ஸ்டோருக்குள் போனேன். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், தாய்ப்பால் எடுக்கும் பம்போடு மெலிசா.

"பிள்ளைக்கு நாலு மாசம்க்கா. சேரும்போது சொல்லல. சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்களா?"

வெளியே வந்தேன். லைனின் மறுமுனையில் மேனேஜர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். நான் எங்கேயிருந்து வருகிறேன் என்று புனிதா பார்த்துவிட்டாள். நானே அவரை வரவழைத்தேன் என்று முடிவு கட்டிவிட்டது அவள் முகம்.

"பெம்பான் பஸ் வந்துருச்சு!" என்று நான் கத்தினேன்.

ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெலிசா வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு தலை, சரியாக.

"பெம்பானா?" என்றார் மேனேஜர். "அங்கே யார்?"

"என் அத்தை, சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் புனிதாவைப் பார்க்கிற பார்வை. மறுநாள் பெயர் கேட்டார். யாரும் குறையவில்லை என்றேன். "சரி, தொப்பி இப்போதைக்கு உன்னிடமே இருக்கட்டும்," என்றார்.

திங்கட்கிழமை, இனி என்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்போடு லைன் பக்கம் போனேன்.

புனிதா தலையைத் தூக்கவில்லை.

"தக்காளி அழுகிருச்சு," என்றாள்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மெலிசாவும்தான்.