பெய்ஷானை விடாத ஓநாய்

தைவானின் சின்சூ நகரில் எங்கள் கல்லூரிக் கணினி அறையில் அந்த வருடம் எல்லோரும் ஒரே விளையாட்டில்தான் குடியிருந்தோம். படம் கிடையாது, எழுத்து மட்டும். 'வடக்கே போ' என்று தட்டினால் காடு வரும். 'வெட்டு' என்று தட்டினால் சண்டை. அதில் ஆட்கள் சாகிற பகுதிக்கு நிரல் எழுதியவன் என் வகுப்புத் தோழன் வெய்லுன். செத்தவரின் உடல் அங்கேயே கிடக்கும். ஆவி கோயிலுக்குப் போய் உயிர் வாங்கும். அதை எழுதி முடித்ததிலிருந்து பெருமையில் அவன் நடையே மாறிவிட்டது.

முதலில் செத்தவள் பெய்ஷான். அவளும் எங்கள் வகுப்புதான். காட்டில் ஓநாய் கடித்து, 'பெய்ஷான் இறந்தாள்' என்று எல்லோர் திரையிலும் ஒரு வரி வந்தது. உடனே மறுபடியும் அதே வரி. பிறகு நிற்கவேயில்லை. ஓநாய் காட்டில் இருந்தது, அவள் கோயிலில் இருந்தாள், ஆனாலும் கடி விழுந்துகொண்டே இருந்தது.

"வெய்லுன், உன் ஓநாய்க்கு என் மேல என்னடா கோவம்?"

"இரு, பாக்கறேன்."

"மெதுவா பாரு. நான் பாட்டுக்குச் செத்துக்கிட்டு இருக்கேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: "கோயில்ல கால் வைக்க இடமில்ல. இவ பொணத்தையெல்லாம் யாராவது எடுங்கப்பா."

மதியம் உணவகத்தில் யாரோ செத்தவர்களுக்குப் படைப்பதுபோல அவள் சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைத்தார்கள். அவள் பிடுங்கி அதே குச்சிகளால் சாப்பிட்டாள்.

வெய்லுன் சாப்பிட வரவில்லை. நாங்கள் திரும்பியபோது தவறைக் கண்டுபிடித்திருந்தான். சாகிறவள் சண்டையை மறக்கும்படி எழுதியிருந்தான். சண்டை முடிந்துவிட்டதென்று ஓநாயிடம் சொல்ல மறந்திருந்தான். நிரலில் ஒரு வரி சேர்த்தான்.

"பெய்ஷான், ஒரு தடவை செத்துப் பாரேன்."

"இன்னிக்கு நான் செத்தது போதும். நீ போ. புது ஆள் வேணாம், உன் ஆளையே அனுப்பு."

விளையாட்டுக்குள் அவன் மாதக்கணக்கில் வாளும் காலணியும் சேர்த்துக் கொடுத்து வளர்த்த ஆள். நாங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டதால் வேறு வழியில்லாமல் அனுப்பினான். 'வெய்லுன் இறந்தான்.' காத்திருந்தோம். இரண்டாவது வரி வரவில்லை. கைதட்டினோம்.

கோயிலில் உயிர் வாங்கிக்கொண்டு பொருட்களை எடுக்கக் காட்டுக்கு ஓடினான். உடல் கிடந்தது. அதில் ஒன்றுமில்லை.

"சாவு நல்லா வேலை செய்யுது," என்றாள் பெய்ஷான், தன் திரையைப் பார்த்தபடியே.

"அந்தக் காலணி என்னோடது."

"நீ உயிரோட இருந்தப்போ."

உடலை அதன் சொந்தக்காரர் மட்டுமே தொடலாம் என்று வெய்லுன் ஒரு வரி எழுதினான். அவள் விளையாட்டுக்குள் அந்தக் காலணியோடு ஊரெல்லாம் சுற்றி, பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். திரையில் ஓடிய அதையெல்லாம் கொஞ்ச நேரம் படித்துச் சிரித்தவன், தான் எழுதிய வரியை அழித்துவிட்டான்.