தானாகச் சேரட்டும்

"ஊசி வேணாம்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லிடணும். தட்டுலயே விடட்டும், தானா சேரட்டும். என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல."

மாமியார் இதைச் சொன்னபோது மருமகள் மேல்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கருமுட்டைகள் வளர்வதற்காக மாலைதோறும் போட்டுக்கொள்ளும் ஊசி. கன்றிப்போகாத இடம் பார்த்துக் குத்துவதே பெரும்பாடாக இருந்தது. அந்த ஊசியைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆட்சேபமெல்லாம் இன்னொரு ஊசியின் மேல்தான். மருத்துவமனையில் சொன்ன வழிகள் இரண்டு. பெண்ணிடமிருந்து எடுத்த முட்டைகளையும் ஆணின் விந்தணுக்களையும் ஒரு கண்ணாடித் தட்டில் ஒன்றாக விட்டுவிடுவது ஒன்று. வலுவுள்ள அணு நீந்திப் போய்த் தானாகச் சேர்ந்துகொள்ளும். அந்த வலு இல்லாவிட்டால், ஓர் அணுவைப் பொறுக்கி எடுத்து மெல்லிய ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது இன்னொன்று. மகனின் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, ஊசிதான் சரி என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அந்த ஊசி மகனின் உடம்பில் படப்போவதுகூட இல்லை. ஆனால் அவன் பெயரில் பட்டுவிடும். அதைத்தான் பெற்றவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தெருவில் அவளுக்கு நீதிபதியம்மா என்று பட்டப்பெயர். யார் வீட்டுச் சண்டையானாலும் கூப்பிடாமலே போய்த் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவாள். சொந்த வீட்டு வழக்கில் தீர்ப்பு எப்போதோ ஆகிவிட்டது. குறை மருமகளிடம் என்று தெரு முழுக்க, உறவு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. இனி ஊசி என்று வெளியே தெரிந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? தனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல் அவளும் பேச்சு வாங்கியவள்தான். அந்தப் பேச்சில் பாதியாவது புருஷனுக்குப் போயிருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

போன வருடமும் அவள் சொன்னபடிதான் நடந்தது. தட்டில் விட்டார்கள். ஒன்றுகூடச் சேரவில்லை. "முட்டை சரியில்லையாம்" என்று வீட்டுக்கு வந்த கையோடு மூத்த மகளுக்குப் போன் போட்டாள். அன்றிலிருந்து அந்த நாத்தனார் தன் கைக்குழந்தையை மருமகள் தூக்க வந்தால், "இப்பதான் தூங்கினான்" என்பாள். குழந்தை கண்ணை விழித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

மருமகளுக்கு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. யாரோ தப்பாகப் பூட்டிய மெஷினுக்கும் யாரோ உடைத்த மெஷினுக்கும் பகல் முழுவதும் போனில் "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டிலும் அதே வேலைதான். அங்கே அதற்குச் சம்பளமாவது கொடுத்தார்கள்.

இந்த முறை டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். முட்டைகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. இதற்குப் பிறகு எடுக்க மிஞ்சுமா என்று சொல்ல முடியாது. துணி காயப்போடும் மொட்டைமாடியில் வைத்து அதைக் கணவனிடம் சொன்னாள்.

"இதுதான் கடைசியா இருக்கலாங்க. இதையும் தட்டுல கொட்டி வீணாக்க என்னால முடியாது."

"எனக்குத் தெரியாதா? முட்டை எடுக்கற அன்னிக்கு நானே டாக்டர்கிட்ட ஊசின்னு சொல்லிடறேன்."

"அத்தை முன்னாடியா?"

"அதான் சொல்றேன்ல."

ஈரத்துணியை அவள் கையிலிருந்து வாங்கி அவனே உதறிக் கொடியில் போட்டான். நல்லவன்தான். தாய் இல்லாத இடத்தில் அவனைவிட நல்லவன் கிடையாது.

முட்டை எடுக்கும் நாளன்று காலையில், பச்சை அங்கியும் கையில் டிரிப்ஸுமாக அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் வெளியே காத்திருக்க வேண்டியவள். அவளை எந்தக் கதவு தடுத்தது? உள்ளே வந்து கால்மாட்டில் நின்றுகொண்டாள். டாக்டரம்மா மகனைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த முறைன்னு நீங்க இன்னும் முடிவு சொல்லல. ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

"தட்டுலதாங்க" என்றாள் மாமியார்.

"அம்மா, நான் அவரைக் கேட்டேன்."

அவன் தன் செருப்பைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை. "அம்மா சொல்ற மாதிரியே பண்ணிடுங்க டாக்டர்" என்றான்.

மருமகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். எழுந்து போய்விடலாமென்றால், வளர்ந்து நிற்கும் முட்டைகளை இன்று எடுக்காவிட்டால் அத்தனையும் வீண். எடுத்துக் கொடுத்தால் தட்டில் வீண். குத்திக் குத்தி வளர்த்ததெல்லாம் ஒரு ஆள் வாயைத் திறக்காததால் போகப்போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது. நர்ஸ் வந்து மயக்க மருந்து கொடுக்கிறவர் தயார் என்றாள்.

"டாக்டர், தட்டும் வேணாம், ஊசியும் வேணாம். எடுக்கறதை அப்படியே உறைய வச்சிட முடியுமா? முட்டையை மட்டும்?"

டாக்டரம்மா நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். "முடியும். அதுக்கு உங்க சம்மதம் போதும்."

"அப்ப என் பேர்ல வைங்க. அவரா வாயைத் திறந்து ஊசின்னு சொல்ற அன்னிக்கு எடுத்துக்கலாம்."

"சொல்லலேன்னா?" மாமியாரின் குரல் கீச்சிட்டது.

"இருக்கட்டும் அத்தை. எனக்காக இருக்கட்டும்."

வாடகைக் காரில் வீடு திரும்பும்போது அவளுக்குத் தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கணவன் முன்சீட்டில் இருந்தான். பக்கத்தில் மாமியார் அதற்குள் மூத்த மகளைப் போனில் பிடித்துவிட்டாள்.

"ஆமாடி, எடுத்தாச்சு. எங்க சேர்றது? முட்டையில ஏதோ கோளாறாம், உறைய வச்சிருக்காங்க. என்ன பண்றது, நம்ம தலையெழுத்து. தம்பிக்கா? அவனுக்கென்ன, சிங்கம் மாதிரி இருக்கான்..."

மருமகள் கையை நீட்டிப் போனை வாங்கினாள். பிடுங்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படியொன்று நடந்ததே இல்லை என்பதால் மாமியார் விரல்களை இறுக்கிக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

"அண்ணி, நான்தான் பேசறேன். உங்க தம்பி இங்கதான் இருக்காரு. யாருக்குக் கோளாறுன்னு அவரையே கேளுங்க."

முன்சீட்டுக்கு எட்டி, போனைக் கணவனின் காதில் வைத்தாள். "டேய், உன் பொண்டாட்டி என்னடா சொல்றா?" என்ற குரல் கார் முழுக்கக் கேட்டது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். அவன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தாயைப் பார்த்தான். தாய் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஹலோ? தம்பி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றான். மறுபடி குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

டிரிப்ஸ் ஏற்றிய கை வலித்தது. மருமகள் போனை அவன் காதிலிருந்து எடுக்கவில்லை.